பியானோவுக்கு அடியில் ஒரு படுக்கை

1937. மாஸ்கோ. எந்த வருஷம் என்பதைக் கொஞ்சம் அழுத்தமாக மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டாலினின் களையெடுப்பு உச்சத்தில் இருந்த நேரம். ராத்திரி யார் வீட்டுக் கதவு தட்டப்படும், விடிந்ததும் எந்த நாற்காலி காலியாக இருக்கும் என்று யாருக்கும் தெரியாது.

அந்த ஊரின் சங்கீதக் கல்லூரிக்கு ஒருநாள் ஒடெஸாவிலிருந்து ஒரு பையன் வந்தான். கன்ஸர்வேட்டரி என்பார்கள். ரஷ்யாவில் பியானோ வாசிக்கிற எவனுக்கும் அதுதான் காசி, அதுதான் ராமேஸ்வரம். பையனுக்கு வயசு 22. ஒல்லி, உயரம், நல்ல வெளுப்பு. கையில் ஒரு சர்ட்டிபிகேட் கிடையாது. எந்தச் சங்கீதப் பள்ளியிலும் ஒழுங்காகப் படித்தது கிடையாது. ஒடெஸாவில் ஆபெரா ஒத்திகைகளுக்குப் பக்கவாத்தியமாகப் பியானோ வாசித்து வயிறு கழுவிக்கொண்டிருந்தவன். நேராக வந்து, எனக்கு இந்த வாத்தியாரிடம்தான் படிக்கவேண்டும் என்றான்.

அந்த வாத்தியாருக்கு அப்போது 49 வயசு. மாணவர்கள் வந்து விஷயத்தைச் சொன்னபோது அவருக்கே ஆச்சரியம். எங்குமே படிக்காதவன் நேரே கன்ஸர்வேட்டரிக்கா? அரிச்சுவடி தெரியாதவன் எம்.ஏ. வகுப்பில் வந்து உட்காருகிற மாதிரியல்லவா இது? சரி, வரச்சொல்லுங்கள், பார்க்கலாம் என்றார்.

பையன் உட்கார்ந்தான். பீத்தோவன் வாசித்தான். சோபின் வாசித்தான். அப்புறம், சொந்தமாகப் போட்டது என்று எதையோ வாசித்தான். கேட்டுக்கொண்டிருந்த வாத்தியார் பக்கத்திலிருந்த மாணவியின் காதருகே குனிந்தார். எனக்கென்னவோ இவன் மேதை என்று தோன்றுகிறது என்று கிசுகிசுத்தார். பிற்பாடு அவரே இதை எழுதி வைத்திருக்கிறார்.

பையனின் பெயர் ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர். இருபதாம் நூற்றாண்டின் தலைசிறந்த பியானோ வித்வான்கள் என்று யார் எந்தப் பட்டியல் போட்டாலும் முதல் மூன்று பெயர்களுக்குள் வந்துவிடுகிற ஆள். ஆனால் இன்றைக்கு நம் கதாநாயகன் அவரில்லை. குனிந்து கிசுகிசுத்தாரே, அந்த மனிதர். ஹைன்ரிக் நியூஹவுஸ்.

(ஜெர்மன் உச்சரிப்புப்படி அவர் பெயரை எழுதினால் தமிழில் கொஞ்சம் வில்லங்கமாகிவிடும். எனவே நியூஹவுஸ்.)

பேர் ஜெர்மன், பிறந்தது இன்றைய உக்ரைனில், வாழ்ந்தது ரஷ்யாவில், அம்மா வழியில் போலந்து ஒட்டு. 1888-ல் எலிஸாவெத்கிராத் என்ற சின்ன ஊரில் பிறந்தார். அப்பா குஸ்தாவ், பியானோ வாத்தியார். அம்மா, பியானோ டீச்சர். தாய்மாமன் ஃபெலிக்ஸ் ப்ளூமென்ஃபெல்ட் பெரிய வித்வான். பின்னாளில் அமெரிக்காவைக் கலக்கிய ஹொரோவிட்ஸ், கீவ் நகரில் இந்த மாமாவின் சிஷ்யர்தான். உறவுக்காரப் பையன் ஒருவன் அப்பா குஸ்தாவிடம் பாடம் படிக்க வருவான். கரோல் ஸிமனோவ்ஸ்கி. போலந்தின் மாபெரும் இசையமைப்பாளராக ஆனவர்.

இப்படி ஒரு வீட்டில் காலையிலிருந்து ராத்திரி வரை என்ன நடக்கும்? ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து தப்புத் தப்பாக வாசித்துக்கொண்டிருப்பார்கள். அந்தத் தப்புகளுக்கு நடுவில்தான் நியூஹவுஸ் வளர்ந்தார். ஒருவிதத்தில் நல்ல பயிற்சி என்றுதான் சொல்லவேண்டும். வாழ்நாளெல்லாம் அதைத்தானே கேட்கவேண்டியிருந்தது.

ஆனால் வாத்தியாராகப் போகவேண்டும் என்று அவர் ஆசைப்படவில்லை. எந்த வாத்தியார்தான் ஆசைப்பட்டார்? அவருக்கு மேடை வேண்டும். பெர்லின் போனார். வியன்னா போனார். கொடோவ்ஸ்கி என்கிற ஜாம்பவானிடம் படித்தார். எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பெர்லினில் அந்த ஒரு கச்சேரியைக் கேட்கிறவரை.

வாசித்தவர் ஆர்தர் ரூபின்ஸ்டைன். இவரைவிட ஒரு வயசுதான் பெரியவர். கேட்டுவிட்டு வந்த நியூஹவுஸுக்கு எல்லாமே இருண்டுவிட்டது. இந்த உயரத்தைத் தன்னால் ஒருநாளும் தொடமுடியாது. அப்புறம் எதற்கு இருக்கவேண்டும்? ஸிமனோவ்ஸ்கிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். இத்தாலிக்குப் போகிறேன், சாக. ஃப்ளாரன்ஸுக்கு ரயிலேறிவிட்டார். இது 1912.

கடிதத்தைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஸிமனோவ்ஸ்கி கிளம்பினார். கூடவே ஓடியவர் யார் தெரியுமோ? ரூபின்ஸ்டைன்! ஃப்ளாரன்ஸில் தேடிப் பிடித்தபோது ஓர் ஆஸ்பத்திரியில், மணிக்கட்டை அறுத்துக்கொண்ட நிலையில், ஆனால் உயிரோடு இருந்தார் நியூஹவுஸ். ரூபின்ஸ்டைன் தன் வாழ்க்கைக் கதையில் இதை விவரமாகச் சொல்லியிருக்கிறார்.

24 வயசில் நடந்த இந்தச் சம்பவத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தன்னைவிடப் பெரிய திறமையைப் பார்த்துச் சாகப் போனவன், பிற்பாடு அப்படிப்பட்ட திறமைகளைத் தேடித் தேடி வீட்டுக்கு அழைத்து வந்து சோறு போட்டான் என்பதுதான் மீதிக் கதை.

போர் வந்தது. புரட்சி வந்தது. டிஃப்லிஸில் கொஞ்ச நாள், கீவில் கொஞ்ச நாள் என்று வேலை பார்த்துவிட்டு 1922-ல் மாஸ்கோ கன்ஸர்வேட்டரிக்கு வந்து சேர்ந்தார். அதன்பிறகு, சாகிறவரை அங்கேதான். நடுவில் மூன்று வருஷங்கள் நீங்கலாக. அந்த மூன்று வருஷ விவகாரத்துக்குப் பிறகு வருவோம்.

அவருடைய வகுப்பறை எண் 29. வகுப்பு என்றால் ஒரு வாத்தியார், ஒரு மாணவன், ஒரு மூடிய கதவு என்று நினைக்காதீர்கள். திருவிழா. ஒருவன் வாசிப்பான். மற்ற மாணவர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். வேறு வாத்தியார்களின் மாணவர்கள் வந்து சுவரோரம் நிற்பார்கள். ஊருக்கு வந்த விருந்தாளிகள் எட்டிப் பார்ப்பார்கள். ஒருவனுக்குச் சொல்லுகிற பாடம் இருபது பேருக்குப் போய்ச் சேரும். ரஷ்யன், ஜெர்மன், போலிஷ், பிரெஞ்சு, இத்தாலியன் என்று வாத்தியாருக்கு ஏகப்பட்ட மொழிகள் தெரியும். பீத்தோவனில் ஆரம்பித்துக் கவிதைக்குப் போவார், ஓவியத்துக்குப் போவார், திரும்பி அதே ஸ்வரத்துக்கு வந்து நிற்பார்.

என்னதான் சொல்லிக் கொடுத்தார்? 1958-ல் அவர் எழுதிய பியானோ வாசிப்புக் கலை பற்றிய புத்தகம் இன்றைக்கும் உலகமெங்கும் பியானோ மாணவர்களின் கையில் இருக்கிறது. அதிலிருந்து இரண்டே விஷயங்கள் சொல்கிறேன். உங்களுக்குப் பியானோ தெரிந்திருக்க வேண்டியதில்லை. எனக்கும் தெரியாது.

முதலாவது. பியானோவில் ஒரு கட்டையை மிக மிக மெதுவாக அழுத்துங்கள். சத்தமே வராது. கொஞ்சம் கூட்டுங்கள். இன்னும் வராது. இன்னும் கொஞ்சம். ஒரு கணத்தில், இருக்கிறதா இல்லையா என்று சந்தேகப்படும்படி ஒரு ஒலி பிறக்கும். அது ஒரு எல்லை. இப்போது ஓங்கி அடியுங்கள். இன்னும் பலமாக. ஒரு கட்டத்துக்கு மேல் அது நாதமாக இருக்காது, இடி விழுந்த மாதிரி வெறும் சத்தமாகிவிடும். அது மறு எல்லை. இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் நடுவில் கிடப்பதுதான் உன் சொத்து மொத்தமும் என்பார். முதலில் இரண்டு வேலிகளையும் தொட்டுப் பார்த்துவிட்டு வா.

இரண்டாவது, வெந்நீர். ஒரு உருப்படியைப் பாடம் பண்ணுவது அடுப்பில் தண்ணீர் வைக்கிற மாதிரி. கொதிக்கிறவரை இறக்கக்கூடாது. பாதிச் சூட்டில் இறக்கி வைத்துவிட்டு, ஆறினபிறகு மறுபடி ஏற்றி, மறுபடி இறக்கிக்கொண்டிருந்தால் வருஷம் முழுக்க விறகு செலவாகும், தண்ணீர் கொதிக்கவே கொதிக்காது. சாதகம் பண்ணுகிறேன் பேர்வழி என்று பலபேர் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள் என்றார். பியானோ என்றில்லை, ஜனவரி மாசம் எதையாவது ஆரம்பிக்கிற எல்லோருக்கும் புரியக்கூடிய சமாசாரம்.

அப்புறம் ஒரு கொள்கை வைத்திருந்தார். வாத்தியாருடைய வேலை, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மாணவனுக்குத் தேவையில்லாதவராக ஆகிவிடுவது. சொல்வதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருநாள் மாணவன் நிஜமாகவே வந்து, நீ எனக்குத் தேவைப்படவே இல்லை என்று சொன்னால்? அதுவும் நடந்தது. வருகிறேன்.

ரிக்டரிடம் திரும்புவோம். சேர்ந்தாயிற்று. ஆனால் சங்கீதக் கல்லூரி என்றாலும் அது சோவியத் கல்லூரி. மார்க்ஸியம், கட்சி வரலாறு எல்லாம் கட்டாயப் பாடம். ரிக்டர் அந்த வகுப்புப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. முதல் வருஷத்திலேயே இரண்டு தடவை வெளியேற்றினார்கள். 1937-ல், மாஸ்கோவில், ஜெர்மன் பெயர் கொண்ட ஒருவன், அரசியல் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு, உயிரோடு ஊருக்குத் திரும்பியதே பெரிய விஷயம். இனிமேல் வருவதில்லை என்று முடிவு பண்ணி ஒடெஸாவில் உட்கார்ந்துவிட்டான் பையன்.

நியூஹவுஸ் விடவில்லை. கடிதம் எழுதினார். திரும்பி வா, என் மாணவர்களிலேயே உசத்தி நீதான். நிர்வாகத்திடம் அவரே போய்ப் பேசினார். பையன் திரும்பி வந்தான். வந்தால், தங்குவதற்கு இடம்? மாஸ்கோவில் அப்போது ஓர் அறை கிடைப்பதற்குள் கிழடு தட்டிவிடும். வாத்தியார் வீட்டுக்கே வந்துவிட்டான். வாத்தியார் வீடும் மாளிகை ஒன்றும் இல்லை. இருந்த இடத்தில் பெரும்பகுதியைப் பியானோ அடைத்துக்கொண்டிருந்தது. எனவே பியானோவுக்கு அடியில் படுத்துக்கொண்டான். அலங்காரத்துக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே பியானோவுக்கு அடியில்.

குருகுலவாசம் என்று நாம் சொல்வோமே, அதேதான். குரு வீட்டில் துணி துவைத்து, தண்ணீர் இறைத்து, எப்போதாவது கிடைக்கிற பாடத்துக்காகக் காத்துக் கிடந்த நம்மூர் வித்வான்களின் கதையை நிறையவே படித்திருக்கிறீர்கள். இங்கே ஒரு வித்தியாசம். இந்தக் குரு சிஷ்யனுக்கு ஏறக்குறைய எதுவுமே சொல்லித் தரவில்லை! ரிக்டர் விஷயத்தில் தன்னுடைய கொள்கை, நல்லெண்ணத்தோடு கூடிய நடுநிலைமை என்று அவரே வேடிக்கையாக எழுதினார். ராஜதந்திர பாஷை. தலையிடமாட்டேன், ஆனால் பக்கத்திலேயே இருப்பேன்.

ரிக்டரோ வேறுமாதிரி சொன்னார். என் கையிலிருந்து ஒலியை விடுதலை பண்ணியவர் அவர்தான் என்றார். எப்படி உட்காருவது என்பதிலிருந்து மாற்றினாராம். எல்லாவற்றுக்கும் மேலாக மௌனத்தைச் சொல்லிக் கொடுத்தாராம். ஸ்வரத்துக்கும் ஸ்வரத்துக்கும் நடுவில் உள்ள மௌனம். லிஸ்ட் எழுதிய ஸொனாட்டா ஒன்று இருக்கிறது. தாழ்ந்த ஸ்தாயியில் ஒற்றை ஸ்வரத்தில் தொடங்கும். அதை எப்படி எடுப்பது? மேடைக்குப் போ. உட்கார். அசையாதே. மனசுக்குள் மெதுவாக முப்பது வரை எண்ணு. சபையில் ஒரு பீதி பரவும். என்ன ஆச்சு இந்த ஆளுக்கு, உடம்பு கிடம்பு சரியில்லையா? அந்த நிமிஷத்தில் முதல் ஸ்வரத்தை வை. இது ரிக்டர் தானாகக் கண்டுபிடித்த உத்தி. ஆனால் மௌனத்துக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்தவனுக்குத்தானே இப்படியெல்லாம் தோன்றும்?

1940 நவம்பரில் கன்ஸர்வேட்டரியின் சின்ன அரங்கில் குருவும் சிஷ்யனும் ஒரே கச்சேரியில் வாசித்தார்கள். மாஸ்கோவில் ரிக்டரின் அரங்கேற்றம் அது. ப்ரொகோஃபீவின் ஆறாவது ஸொனாட்டாவை வாசித்தார். ப்ரொகோஃபீவே வந்து கேட்டார். சில மாதங்களில், தான் நடத்திய இசைக்குழுவோடு தன்னுடைய ஐந்தாவது கான்செர்ட்டோவை வாசிக்க ரிக்டரையே கூப்பிட்டுக்கொண்டார். பையன் எங்கேயோ போய்விட்டான்.

1941 ஜூனில் ஹிட்லர் சோவியத் யூனியனுக்குள் புகுந்தார். இலையுதிர்காலத்தில் ஜெர்மன் ராணுவம் மாஸ்கோவின் வாசலுக்கு வந்துவிட்டது. கன்ஸர்வேட்டரியைக் காலி பண்ணிக்கொண்டு கிழக்கே போகச் சொன்னார்கள். நியூஹவுஸ் கிளம்பவில்லை. ஜெர்மன் பெயர் கொண்ட ஒருத்தர், ஜெர்மானியர்கள் வருகிற நேரத்தில் ஊரைவிட்டுப் போகமாட்டேன் என்கிறார். போதாதா? நவம்பர் 4-ம் தேதி அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். லூபியங்கா சிறை. உள்ளே போனவர்களைப் பற்றி வெளியே யாரும் சத்தம் போட்டுக் கேட்காத இடம்.

ரிக்டருக்கு அந்தப் பருவத்தில் நடந்ததைப் பாருங்கள். அதற்கு ஏறக்குறைய ஒரு மாசத்துக்கு முன்னால், அக்டோபரில், ஒடெஸாவில் அவருடைய சொந்த அப்பாவைப் பிடித்துச் சுட்டுக் கொன்றிருந்தார்கள். அவரும் ஜெர்மன் வம்சாவளிதான். உளவாளி என்று குற்றச்சாட்டு. அவர் மாதாகோயிலில் ஆர்கன் வாசித்தவர். மகனுக்கு அந்தச் சேதி போய்ச் சேரவே வெகுநாள் ஆயிற்று. எனக்கு மூன்று குருநாதர்கள், அப்பா, நியூஹவுஸ், வாக்னர் என்று ரிக்டர் சொல்வதுண்டு. வாக்னர் 1883-லேயே செத்துவிட்டார். மிச்ச இருவரில் ஒருவரைக் கொன்று, இன்னொருவரைச் சிறையில் போட்டாயிற்று. இரண்டையும் செய்தது எதிரி ராணுவம் இல்லை, சொந்த அரசாங்கம்.

லூபியங்காவில் எட்டு மாசத்துக்கு மேல் இருந்தார் நியூஹவுஸ். 1942 ஜூலையில் வெளியே விட்டார்கள், ஆனால் மாஸ்கோவில் கால் வைக்கக்கூடாது என்று உரால் பக்கம் ஸ்வெர்ட்லோவ்ஸ்க் நகருக்கு நாடுகடத்தினார்கள். அந்தக் காலத்துக் கணக்கில் இது கருணை. பலருக்கு இது கிடைக்கவில்லை.

இவருக்கு மட்டும் எப்படிக் கிடைத்தது? இங்கேதான் இரண்டாவது சிஷ்யர் வருகிறார். எமில் கிலெல்ஸ்.

இவரும் ஒடெஸாதான். 1916-ல் பிறந்தவர், ரிக்டரைவிட ஒரு வயசு சின்னவர். ஆனால் புகழில் வெகு சீனியர். 16 வயசில், 1933-ல், அனைத்து யூனியன் போட்டியில் முதல் பரிசு வாங்கி ஒரே ராத்திரியில் நாடறிந்தவர். அதற்கு முந்தின வருஷம் ஒடெஸாவுக்கு வந்த ரூபின்ஸ்டைன் (ஆமாம், அதே ரூபின்ஸ்டைன்) இவர் வாசிப்பைக் கேட்டுவிட்டு, இந்தப் பையன் அமெரிக்காவுக்கு வந்தால் நான் மூட்டை கட்டவேண்டியதுதான் என்ற ரீதியில் சொன்னதாக ஒரு கதை உண்டு. 1938-ல் பிரஸ்ஸல்ஸ் போட்டியிலும் முதல் பரிசு. ஸ்டாலினுக்கு மிகவும் பிடித்தமான வித்வான். 1935 முதல் 1938 வரை மேற்படிப்புக்காக நியூஹவுஸிடம் இருந்தார்.

அந்த கிலெல்ஸ், ஸ்டாலினிடமே போய் வாத்தியாருக்காகப் பேசினார் என்று சொல்கிறார்கள். காகிதத்தில் ஆதாரம் தேடினால் கிடைக்காது, இப்படிப்பட்ட விஷயங்களுக்கு யார் ரசீது கொடுப்பார்கள்? ஆனால் அப்படிப் பேசியிருந்தால், அது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்று யோசித்துப் பாருங்கள். கைதான ஒரு ஜெர்மன்காரனுக்காக, போர் நடக்கிற நேரத்தில், ஸ்டாலினிடம்! ஒரு வார்த்தை பிசகினால் இவருக்கும் அதே அறை.

நாடுகடத்தப்பட்ட ஊரிலும் வாத்தியார் சும்மா இருக்கவில்லை. கீவ் கன்ஸர்வேட்டரியைப் போருக்காக அந்த ஊருக்குத்தான் இடம்பெயர்த்திருந்தார்கள். அங்கேயே பாடம் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். அவர் அங்கே இருந்த காலத்தில், 1943 ஜனவரியில், மாஸ்கோவில் ப்ரொகோஃபீவின் ஏழாவது ஸொனாட்டாவை முதன்முறையாக ரிக்டர் வாசித்தார். நாலே நாளில் பாடம் பண்ணி! அடுத்த வருஷக் கடைசியில் எட்டாவது ஸொனாட்டாவை அரங்கேற்றியவர் கிலெல்ஸ். போர்க்கால ஸொனாட்டாக்கள் மூன்று என்பார்கள். மூன்றையும் மேடையேற்றிப் பெயர் வாங்கித் தந்த கைகளில் ஒரே வாத்தியாரின் வாசனை. 1944-ல் சங்கீதக்காரர்கள் பலரும் சேர்ந்து மனுப் போட்டு நியூஹவுஸை மாஸ்கோவுக்குத் திரும்ப வரவழைத்தார்கள்.

நடுவே அவருடைய சொந்த வாழ்க்கை பற்றி ஒரு பத்தி. அவருக்கு உயிர் நண்பர், கவிஞர் பாஸ்டர்நாக். பின்னாளில் டாக்டர் ஷிவாகோ எழுதினாரே, அவர்தான். 1930 கோடையில் இரண்டு குடும்பமும் கீவ் பக்கத்தில் ஒன்றாக விடுமுறைக்குப் போயின. திரும்பி வரும்போது நியூஹவுஸின் மனைவி ஸினாயிதா மேல் பாஸ்டர்நாக்குக்குக் காதல். ஸைபீரியாவில் கச்சேரி சுற்றுப்பயணத்தில் இருந்தபோது நியூஹவுஸுக்குச் சேதி போயிற்று. மேடையில் வாசித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்திவிட்டு அழுதார் என்று ஒரு கதை. ஸினாயிதா, பாஸ்டர்நாக்கைக் கல்யாணம் செய்துகொண்டார். இதில் நம் மூளைக்கு எட்டாத விஷயம், நண்பர்கள் இருவரும் கடைசிவரை நண்பர்களாகவே இருந்தார்கள். நியூஹவுஸின் மகன் ஸ்தனிஸ்லாவ், பாஸ்டர்நாக் வீட்டில் வளர்ந்து, அப்பாவிடம் வந்து பியானோ படித்தார். 1960-ல் பாஸ்டர்நாக் இறந்தபோது, நோபல் பரிசு விவகாரத்தால் அரசாங்கத்துக்கு ஆகாதவர் என்று பெரிய மனிதர்கள் பலரும் அந்தப் பக்கம் போகப் பயந்தார்கள். அந்த இழவு வீட்டில் ஒரு பழைய பியானோ முன்னால் மாறி மாறி உட்கார்ந்து வாசித்தவர்களில் ரிக்டரும் உண்டு, ஸ்தனிஸ்லாவும் உண்டு.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருவோம்.

1958-ல் வந்த புத்தகத்தில் நியூஹவுஸ் தன் மாணவர்களைப் பற்றி நிறையவே எழுதியிருந்தார். ரிக்டரைப் பற்றி எழுதும்போது பேனாவில் தேன். கிலெல்ஸைப் பற்றியும் புகழ்ச்சிதான், ஆனால் நடுவில் ஒரு முள். தன்னிடம் வந்து சேர்ந்தபோது கிலெல்ஸுக்கு எல்லாவற்றையும் முந்தைய டீச்சர் மென்று ஊட்டிக்கொண்டிருந்தார், வளர்ந்த ஆம்பிளையைப் பால்புட்டியில் வைத்திருந்தார்கள் என்கிற மாதிரி ஒரு கிண்டல்.

அந்த முந்தைய டீச்சர், ஒடெஸாவின் பெர்த்தா ரெயின்பால்ட். கிலெல்ஸைச் சின்ன வயசிலிருந்து பார்த்துப் பார்த்து உருவாக்கியவர். போரில் ஊரைவிட்டுப் போய், 1944-ல் திரும்பி வந்தவருக்குச் சொந்த வீடு கிடைக்கவில்லை. அந்த வேதனையில் தற்கொலை செய்துகொண்டார் என்பார்கள். அவர் சமாதியில் நினைவுக்கல் எழுப்பியவர் கிலெல்ஸ்தான். அந்த அம்மாள் செத்துப் பதினாலு வருஷம் கழித்துப் பால்புட்டிக் கிண்டல். வாத்தியார் கெட்ட எண்ணத்தில் எழுதியிருக்கமாட்டார். பேச்சுவாக்கில் வருகிற நக்கலைப் பேனாவாக்கிலும் விட்டுவிட்டார், அவ்வளவுதான். ஆனால் படிக்கிறவனுக்கு?

நியூஹவுஸின் கடைசி வருஷங்களில் கிலெல்ஸிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் போயிற்று. என் குரு ரெயின்பால்ட் ஒருவர்தான், நீங்கள் இல்லை. சாரம் இதுதான். கிழவர் நொறுங்கிப்போனார். ரிக்டர் அதை மன்னிக்கவே இல்லை. கிலெல்ஸோடு உறவு அத்தோடு முறிந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். இத்தனைக்கும் 1955-ல் அமெரிக்காவுக்குப் போன கிலெல்ஸ், தன்னைப் பாராட்டியவர்களிடம், கொஞ்சம் பொறுங்கள், ரிக்டர் வாசித்துக் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள் என்று சொன்னவர். 1958-ல் முதல் சாய்கோவ்ஸ்கி போட்டியில் மூன்று பேரும் ஒரே நடுவர் மேஜையில் உட்கார்ந்தவர்கள். கிலெல்ஸ் தலைவர். நியூஹவுஸும் ரிக்டரும் உறுப்பினர்கள். பனிப்போர் நேரத்தில் வேன் கிளைபர்ன் என்கிற டெக்ஸாஸ் பையனுக்கு முதல் பரிசைக் கொடுத்து உலகத்தையே ஆச்சரியப்படுத்தியவர்கள்.

நான் படித்தது பி.காம். எதைப் பார்த்தாலும் ஒருபக்கம் பற்று, ஒருபக்கம் வரவு எழுதிப் பார்க்கிற புத்தி. இந்தக் கணக்கை மட்டும் எத்தனை தடவை போட்டாலும் நேராக வரவில்லை. வாத்தியாரை மரணத்திலிருந்து மீட்டதாகச் சொல்லப்படுகிறவரும் கிலெல்ஸ்தான், நீ என் வாத்தியாரே இல்லை என்று எழுதியவரும் அவர்தான். நன்றி கெட்டவர் என்று ரிக்டர் தரப்பு சொல்லும். செத்துப்போன ஒரு டீச்சரின் மரியாதைக்காக உயிரோடிருக்கிற ஒருவரைப் பகைத்துக்கொண்டதும் நன்றிதானே என்று கிலெல்ஸ் தரப்பு கேட்கும். என்னைக் கேட்டால், அந்தக் கடிதத்தை எழுதியிருக்க வேண்டாம். அந்தப் பால்புட்டி வரியையும் எழுதியிருக்க வேண்டாம்.

நியூஹவுஸ் 1964 அக்டோபர் 10-ம் தேதி காலமானார். வயசு 76.

விசித்திரம் பாருங்கள். குருவைத் தெய்வமாகக் கொண்டாடிய ரிக்டர் வாழ்நாளில் மாணவர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. பாடம் நடத்துவது அவருக்கு ஆகவே ஆகாது. குருவே இல்லை என்று சொன்ன கிலெல்ஸ் அதே கன்ஸர்வேட்டரியில் பல வருஷம் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தார். மற்றபடி 29-ம் நம்பர் அறையின் சரடு அறுந்துபோகவில்லை. யாகோவ் ஸாக், வேரா கொர்னஸ்தயேவா என்று அவருடைய மாணவர்கள் பலரும் பெரிய ஆசிரியர்களானார்கள். ருமேனியாவிலிருந்து வந்து அவரிடமும், பிறகு அவர் மகன் ஸ்தனிஸ்லாவிடமும் படித்த ராது லுப்பு, 1969-ல் லீட்ஸ் போட்டியை ஜெயித்து, 2022-ல் மறைகிறவரை ரசிகர்கள் மூச்சுக்காட்டாமல் கேட்ட வித்வானாக இருந்தார். நியூஹவுஸின் உதவியாளராக இருந்த லெவ் நவுமோவிடம் படித்தவர்களில் ஒருவர் செர்கேய் பாபயான். அவருடைய மாணவர்தான் 2011 சாய்கோவ்ஸ்கி போட்டியை ஜெயித்து இன்று உலகம் சுற்றிக்கொண்டிருக்கிற தானீல் த்ரிஃபனோவ்.

1985 அக்டோபர் 14. மாஸ்கோவில் எமில் கிலெல்ஸ் இறந்துபோனார். அப்போது வார்சாவில் சோபின் போட்டி நடந்துகொண்டிருந்தது. அடுத்த சில தினங்களில் முடிவு வந்தது. முதல் பரிசு மாஸ்கோவிலிருந்து வந்த 19 வயசுப் பையன் ஒருவனுக்கு. பெயர் ஸ்தனிஸ்லாவ் புனின். புனின் என்பது அம்மாவின் குடும்பப் பெயர். அப்பா, ஸ்தனிஸ்லாவ் நியூஹவுஸ், ஐந்து வருஷம் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார். தாத்தாவை அவன் பார்த்ததே இல்லை. அவன் பிறந்தது 1966-ல்.